கண்டியில் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிய கதை

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், எசல பெரஹரா நடந்துகொண்டிருந்த நாட்களில் கண்டிக்குப் போயிருந்தேன். மாலையானால் நகர வீதிகள் மூடப்பட்டுவிடும். ஆகவே பேராதனை வீதியில், மறைந்த நண்பர் ஒருவரின் வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். நண்பர் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். அவரது மகள் பின்கட்டுக் கொட்டகைக்கு என்னை அழைத்துப்போய் ஒரு தார்ப்பாயை விலக்கினாள். உள்ளே, நான் நன்கறிந்த பச்சை நிற எம்.ஜி.ஏ. கார் நின்றது. 1957 இல் இலங்கையில் பதிவானது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாகவும், அதன் பிறகு எஞ்சின் அசையவே இல்லை என்றும், ஹாண்டில் போட்டுச் சுற்றினாலும் சுற்றவில்லை என்றும் சொன்னாள்.

"பெண்டிக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறது. கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் விடும். ஆனால் ஸ்டார்ட்டரைக் கழற்றித்தான் ஆகவேண்டும்" என்றேன்.

"மாமாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அவள் வியந்தாள். வியப்பு நியாயமானதே. பேனாவைத் தவிர வேறு கருவி எதையும் நான் ஒழுங்காகப் பிடித்ததில்லை. எனக்குத் தெரிந்த இந்த ஒரேயொரு இயந்திர வித்தை 1971 ஏப்ரலில், ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த ஓர் இரவில் கற்றுக்கொண்டது. கற்பித்தவரை நமது அரசாங்கங்கள் இரண்டும் சேர்ந்து கப்பலேற்றி அனுப்பிவிட்டன. அரசியலை எதிர்பார்த்து இப்பக்கத்துக்கு வரும் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் இயந்திரம். அரசியல் தானாகவே வந்து சேரும்.

மோட்டார் வாகனங்களின் ஆரம்ப காலத்தில் எஞ்சினை உயிர்ப்பிக்க மனிதக் கையே வேண்டியிருந்தது. முன்புறத் துளையில் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரலோ மணிக்கட்டோ முறியும். அதனால்தான் பழைய சாரதிகள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளும்படி சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் சார்ள்ஸ் கெற்றரிங் என்ற பொறியியலாளர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதற்கு முன் அவர் கடைகளில் பயன்படும் காசுப் பதிவு இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். சில விநாடிகள் மட்டும் வேலை செய்யும் மோட்டாரிடம் அதன் அளவுக்கு மீறிய பலத்தைக் கேட்டு வாங்கலாம் என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். ஸ்டார்ட்டரின் இரகசியம் முழுவதும் அதுவே. பிரித்தானியக் கார்களில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் லூகாஸ் கம்பனியின் மோட்டாரிடம் இருந்தது. அது சட்டென்று சுழலும்போது, தண்டின் முனையிலுள்ள சிறிய பற்சக்கரம் திருகுப்புரி வழியே பாய்ந்து, பிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரைக் கவ்வும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தானே பின்வாங்கும். இதைக் கண்டுபிடித்த வின்சென்ற் பெண்டிக்ஸின் பெயரையே நம்மவர்கள் அந்த உறுப்புக்கு வைத்துவிட்டார்கள்.

கண்டியில் ஸ்டார்ட்டர் இல்லாமலும் ஓரளவு காலந்தள்ளலாம். மலை இருக்கிறதே! காரை எப்போதும் சரிவில், முகம் கீழ்நோக்க நிறுத்தி வைத்து, காலையில் பிரேக்கை விட்டு உருளச் செய்து, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். என் நண்பர் வாடகைக்கு வீடு பார்த்தபோது கிணற்றையும் அயலவரையும் விசாரிக்கவில்லை. வாசலில் சரிவு உண்டா என்றுதான் பார்த்தார். ஆனால் பெண்டிக்ஸ் மாட்டிக்கொண்டால் எஞ்சினே பூட்டிக்கொள்ளும். அப்போது மலையாலும் பயனில்லை.

இந்த மலைநாட்டில் இயந்திரத் தொழில் நேற்று முளைத்ததல்ல. கொழும்பு–கண்டி வீதி 1820 களில் கடுகண்ணாவைக் கணவாயைக் குடைந்துகொண்டு வந்தது. 1832 இல் அதில் குதிரைத் தபால் வண்டி ஓடியது. 1854 இல் ஜோன் வோக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியில் பட்டறை அமைத்து, கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரங்கள் செய்துகொடுத்தார். பின்னர் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தோட்டத்துக்கொரு தொழிற்சாலை, அதில் ஓர் எஞ்சின், அந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஒரு தமிழன் என்ற ஒழுங்கு உருவாயிற்று. கொழுந்து கிள்ளும் பெண்களைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுள்ளது. எஞ்சின் அறையில் எண்ணெய்க்கறையோடு நின்றவர்களைப் பற்றி நாம் அதிகம் எழுதவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பந்தயக் கார் மோகம் இருந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930 களிலிருந்து நடந்தது. யுத்தத்தின் பின் கட்டுக்குருந்தை விமானத் திடலிலும் கார்ப் பந்தயங்கள் ஓடின. எம்.ஜி. கார்கள் அவர்களுக்குப் பிடித்தமானவை. சிறியவை, வளைவுகளில் சொன்னபடி கேட்பவை, விலையும் பெரும் பணக்காரருக்கு மட்டும் எட்டுவதல்ல. 1955 முதல் 1962 வரை ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகிலுள்ள அபிங்டனில் ஒரு இலட்சத்துக்குச் சற்று அதிகமான எம்.ஜி.ஏ. கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றைத் தெல்தோட்டைப் பக்கத் துரை ஒருவர் தருவித்தார். அவர் ஊர் திரும்பியபோது என் நண்பர் வாங்கிக்கொண்டார்.

அந்தக் காரின் இலக்கத் தகட்டில் சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' இருக்கிறது. 1957 ஜனவரியில் அரசாங்கம் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக இவ்வெழுத்தைப் புகுத்தியது. வடக்கில் அதன்மீது தார் பூசினார்கள். 1958 இல் தெற்கிலும் மலைநாட்டிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. பொகவந்தலாவையில் அவ்வாண்டு ஏப்ரலில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தமிழர் இருவர் இறந்தனர். மே மாதம் நாடே எரிந்தது. இன்று பழைய கார் சேகரிப்போர் அந்தப் பழைய தகட்டுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனது. 1977 இல் ஜே.ஆர். ஜயவர்தனா அரசாங்கம் கதவைத் திறக்கும்வரை நிலைமை அப்படித்தான் இருந்தது. இருந்த கார்களையே ஓட்டவேண்டும். உடைந்தால் இங்கேயே செய்யவேண்டும். ஒஸ்ரின், மொரிஸ் மைனர், ஹில்மன் என்று நம் வீதிகள் ஓடும் நூதனசாலையாக மாறியது இவ்வாறே. அக்காலத்துக் கைவேலையின் தொடர்ச்சியாகத்தான், 1990 களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையம் ஒன்று, தனக்கு வேண்டிய உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்துக்கொண்டது. பிறந்த ஊரில் மறந்துவிட்ட வேலை இங்கே மறக்கப்படாமல் இருந்தது.

இனி 1971. நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் கண்டி நிருபர். ஏப்ரல் கிளர்ச்சி தொடங்கி, கேகாலைப் பக்கம் வீதிகள் மூடப்பட்டு, மாலையில் ஊரடங்கு. ஒருநாள் பிற்பகல் நண்பரும் நானும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்கு அப்பால் வரும்போது, நின்ற காரை மறுபடி எழுப்ப முயன்றோம். எம்.ஜி.ஏ.யில் ஸ்டார்ட்டருக்குச் சாவியோ பொத்தானோ கிடையாது. முகப்பிலுள்ள குமிழை இழுத்தால் ஒரு கம்பி வழியாகச் சுவிட்ச் மூடும். இழுத்தார். 'டக்'. அவ்வளவுதான். அருகே ஒரு சிறு கராஜ் இருந்தது. அங்கே வேலை செய்தவரை எல்லோரும் 'பாஸ் அண்ணன்' என்றே அழைத்தார்கள். பாஸ் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். கைத்தொழில் தெரிந்தவரைச் சிங்களவரும் தமிழரும் அப்படித்தான் மரியாதையாக அழைப்பர். அவர் கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். தொழிற்சாலை எஞ்சின் அறையில் தகப்பனாரிடம் தொழில் பழகி, துரையின் கார்களைத் திருத்தத் தொடங்கி, கண்டிக்கு வந்தவர்.

அவர் டொப் கியரில் போட்டு, எங்கள் இருவரையும் காரை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். மூன்றாவது ஆட்டத்தில் 'கிளிக்' என்று விட்டது. நாங்கள் மகிழ்ந்தோம். அவர் மகிழவில்லை. "இன்னைக்கு விட்டிருச்சு தம்பி. நாளைக்குக் கடுகண்ணாவையில மாட்டுனா ஆட்ட ஆள் இருக்குமா? கழட்டிப் பாத்துருவோம்" என்றார். ஊரடங்குக்கு ஒரு மணித்தியாலமும் இல்லை. தொடங்கினால் இரவு அங்கேதான். நண்பர் தலையாட்டினார். உள்ளே கதவைச் சாத்தி, ஹரிக்கேன் விளக்கைக் கொளுத்தினோம்.

முதலில் இருக்கைகளுக்குப் பின்னாலிருந்த பலகையைத் தூக்கினார். இரண்டு ஆறு வோல்ற் பற்றரிகள் அங்கே ஒளிந்திருக்கின்றன. எர்த் கம்பியைக் கழற்றினார். அக்காலப் பிரித்தானியக் கார்களில் எர்த் பொசிட்டிவ் பக்கம் என்பதைப் பலர் மறந்து, கார் முழுவதையும் எரித்துக்கொண்டதுண்டு. ஸ்டார்ட்டர் எஞ்சினின் வலப்பக்கத்தில், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் எண்ணெய் வடிக்கும் பில்டருக்கும் கீழே குந்தியிருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் ஸ்டியரிங் தண்டும் அப்பக்கமே இறங்குவதால் கைநுழையும் இடம் மிகச் சொற்பம். டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த நிலையை ஊசியால் கீறி அடையாளம் வைத்துவிட்டு அதை எடுத்தார். பில்டரை இறக்கி, எண்ணெயைப் பால்மா டின்னில் ஏந்தினார். பிறகு மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பி. இங்கேதான் அவசரக்காரர் தவறு செய்வர் என்றார். வெளி நட்டை மட்டும் திருகினால் உள்ளே போகும் தண்டும் சேர்ந்து திரும்பி, உள்ளிணைப்பு அறுந்துபோகும். ஒரு ஸ்பனரால் உள் நட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதால் வெளி நட்டைத் திருக வேண்டும்.

மோட்டாரைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். மேலுள்ளதைக் கண்ணால் பார்க்க முடியாது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்நுனியால் தேடி, கால் திருகு கால் திருகாகத் தளர்த்தினார். கீழுள்ளதற்குக் குழிக்குள் இறங்கவேண்டியிருந்தது. அவர் இறங்கினார், விளக்கை நான் பிடித்தேன். கடைசித் திருகின்போது ஓர் உள்ளங்கை மோட்டாரின் அடியில் இருந்தது. முன்னோக்கி இழுத்து, பற்சக்கரம் வெளிவந்ததும் மூக்கைத் தாழ்த்தி, பிறந்த குழந்தையை எடுப்பதுபோல் கீழ்வழியாக எடுத்தார். இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. வெளியே இராணுவ ஜீப் ஒன்று மெதுவாகப் போனது. மூவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

மேசையில் பிரித்துப் பார்த்ததில் குற்றவாளி பிடிபட்டான். தண்டின் முனையைத் தாங்கும் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. அதனால் தண்டு சரிந்து, பற்கள் நேராகச் சந்திக்காமல் சிக்கிக்கொள்கின்றன. லூகாஸ் புஷ் எண்ணெயை உறிஞ்சும் நுண்துளை வெண்கலம். அது அன்றைய கண்டியில் எங்கே கிடைக்கும்? ஏதோ தொழிற்சாலைப் பம்பிலிருந்து விழுந்த பித்தளைத் துண்டைக் கை லேத்தில் கடைந்தார். பெண்டிக்ஸ் திருகுப்புரியை மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட்டார். நான் எண்ணெய் போடவில்லையா என்று கேட்டதற்குச் சிரித்தார். எண்ணெய் பட்டால் கிளட்ச் தூசி ஒட்டிப் பசையாகி மறுபடி மாட்டிக்கொள்ளும். அந்த இடம் உலர்ந்தே இருக்கவேண்டும். பிறகு மோட்டார் இருந்த ஓட்டை வழியே விளக்கைக் காட்டி, ஹாண்டிலால் எஞ்சினை மெல்லச் சுற்றச் சொன்னார். ரிங் கியரின் பற்கள் எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் தின்னப்பட்டிருந்தன. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது எப்போதும் அந்த இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்குமாம். ஆகவே அடிபடுவதும் அந்தப் பற்களே. ரிங்கைச் சூடாக்கிக் கழற்றித் திருப்பிப் போட்டால் புதிதுபோலாகும். ஆனால் அதற்கு எஞ்சினை இறக்கவேண்டும். "அத அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

விடியும்வரை அவர் பேசிய பேச்சில் பாதி ஸ்பனர்களைப் பற்றியது. பழைய எம்.ஜி. டி.சி., டி.டி. கார்களின் எஞ்சினில் போல்ட்டின் தலை விட்வேர்த் அளவு, மரை மட்டும் மெட்ரிக் அளவு. அந்த எஞ்சின் வம்சம் கொவென்ட்ரியில் இயங்கிய பிரெஞ்சு ஹொட்ச்கிஸ் தொழிற்சாலையின் இயந்திரங்களில் பிறந்தது. 1923 இல் மொரிஸ் அதை வாங்கியும் பழைய மரைகளை மாற்றவில்லை. இந்த வரலாறு அவருக்குத் தெரியாது. ஆனால் "தலை ஒரு நாடு, ஒடம்பு ஒரு நாடு" என்று சொன்னார். மீதிப் பாதி அவரது குடியுரிமையைப் பற்றியது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949 இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் தகப்பனார் போட்ட மனு நிராகரிக்கப்பட்டது. 1964 அக்டோபர் 30 இல் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிகுதி 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாஸ் அண்ணன் இந்தியப் பங்கில் விழுந்தார். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. அந்தக் காருக்கு இலங்கையில் பதிவு இருந்தது. அதை ஓடவைத்தவருக்கு இல்லை.

1973 இல், கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தில் கடவுச்சீட்டுப் பெற்று, குடும்பத்தோடு ரயிலேறினார். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். நிலையத்துக்குப் போயிருந்தேன். மனைவியும் பிள்ளைகளும் அழுதார்கள். அவர் நண்பரிடம், சரிவில் நிறுத்தும்போது கல் வைக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நான் எழுதிய செய்தி, போனவர்களின் தொகையை மட்டும் சொன்னது.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டின் பின் நீலகிரி கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு நடத்திய தேயிலைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு வேலை. இவருக்குப் பக்கத்துக் கராஜொன்றில் வேலை. கஷ்டங்களை இரண்டு வரியில் முடித்திருந்தார். மூன்றாவது வரியில் உற்சாகம். இங்கே தெருவுக்குத் தெரு நம்ம எஞ்சின்தான் ஓடுகிறது என்றிருந்தது. எனக்கு விளங்கவில்லை. நண்பர்தான் சிரித்துக்கொண்டு விளக்கினார். இந்தியாவின் அம்பாசிடர் காரில் இருப்பதும் 1,489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின்; எங்கள் எம்.ஜி.ஏ.யில் இருப்பதும் அதுவே. ஒன்று மந்திரிமாரைச் சுமந்தது, மற்றது துரைமாரை மகிழ்வித்தது, அவ்வளவுதான் வேறுபாடு. அதுமட்டுமல்ல. 1961 இல் தொடங்கப்பட்ட லூகாஸ்–டிவிஎஸ் கம்பனி சென்னைப் பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார்களைச் செய்து குவித்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு கார்பனுக்கும் புஷ்ஷுக்கும் நாம் திண்டாடியபோது, முப்பது கிலோமீற்றர்க் கடலுக்கு அப்பால் அவை கடைகளில் தொங்கின. பொருள் வர அனுமதிப்பத்திரம் வேண்டும். மனிதரை அனுப்பத்தான் ஒப்பந்தம் இருந்தது. 1976 அளவில் யாரோ ஒரு பயணியின் கையில் ஒரு சோடி கார்பன்கள் வந்தன. அதன் பிறகு கடிதம் இல்லை. 1983 க்குப் பின் நான் எழுதியவற்றுக்கும் பதிலில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமை கொடுத்தது. போனவர்களுக்கு அதனால் என்ன?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, 2025 வரை தொடர்ந்தது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் மக்கள் கார்களைத் தள்ளித் தள்ளியே நகர்த்தினார்கள். நண்பரின் மகளும் இந்தக் காரை ஒருநாள் அப்படித் தள்ளியிருக்கிறாள். அவள் அழைத்துவந்த மெக்கானிக் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த சிங்கள இளைஞர். கைத்தொலைபேசியில் ஆங்கில வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். எர்த் கம்பியை முதலில் எடுத்தார். இரண்டு ஸ்பனரும் பிடித்தார். நான் வாயைத் திறக்கவேண்டி வரவில்லை. நாற்பது நிமிடத்தில் மோட்டார் வெளியே வந்தது.

பிரித்ததும், "இது கம்பனிச் சாமான் இல்லையே, சேர்" என்று புஷ்ஷைத் தூக்கிக் காட்டினார். பித்தளை, சற்று முட்டையாகியிருந்தது. யார் கடைந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. அளவுகோலால் உள்ளும் புறமும் அளந்து, அட்டைத் துண்டில் குறித்துக்கொண்டு, அதே அளவில் புதிதொன்று கடைந்துவரப் போனார். கார்பன்கள் இன்னும் சில ஆண்டுக்குப் போதும் என்று அவற்றையே திரும்பப் போட்டார்.

பூட்டுவதற்கு முன் ஓட்டை வழியே கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் காட்டி, ஹாண்டிலைச் சுற்றும்படி என்னிடம் சொன்னார். எதிரெதிராக இரண்டு இடம், அன்றைவிடச் சற்று ஆழமாக. "எஞ்சினை இறக்கவேண்டும், சேர். அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார்.